கல்வெட்டு ஊரில் ஒரு குஷன் கடை!

காஞ்சிபுரத்தில் இருந்து உத்திரமேரூர் சுமார் 30 கிலோமீட்டர். ஓரிக்கை தாண்டினால் பாலாறு. மாகறல் பக்கம் வந்தால் செய்யாறு. பெரும்பாலான மாதங்களில் இரண்டிலும் தண்ணீரைவிட மணல்தான் அதிகம் தெரியும். ஆறுகளைக் கடந்துவிட்டால் இரண்டு பக்கமும் நெல் வயல், நடுநடுவே ஏரிக்கரை, கரையோரம் பனை மரங்கள். நவரை அறுவடை நேரமென்றால் சாலையின் ஓர் ஓரம் முழுக்க நெல் காய்ந்துகொண்டிருக்கும். வண்டிகள் ஒதுங்கி ஒதுங்கித்தான் போகவேண்டும்.

உத்திரமேரூருக்கு வெளியூர் கார்கள் வருவது பெரும்பாலும் கோயிலுக்காகத்தான். மூன்று அடுக்குகளில் நின்றும் அமர்ந்தும் கிடந்தும் பெருமாள் காட்சிதரும் சுந்தர வரதராஜப் பெருமாள் கோயில் ஒன்று. குடவோலைத் தேர்தல் விதிகளைச் சுவரிலேயே வெட்டிவைத்திருக்கும் வைகுண்டப் பெருமாள் கோயில் இன்னொன்று. வருகிறவர்கள் கல்வெட்டின் முன்னால் படம் எடுத்துக்கொள்வார்கள், ஒரு டீ குடிப்பார்கள், கிளம்பிவிடுவார்கள். அந்தக் கார்களின் சீட்டு எப்படி இருக்கிறது என்று கவனிக்கிற ஆட்களும் இந்த ஊரில் உண்டு. சாலையோரத்தில் தகரக் கொட்டகை போட்டு, அதில் தையல் மெஷினோடு உட்கார்ந்திருக்கும் குஷன் கடைக்காரர்கள்.

குஷன் கடையைத் தேடி அலைய வேண்டியதில்லை. வாசலில் கார் சீட் ஒன்று, வீட்டு சோபாபோலத் தரையில் கிடக்கும். வாடிக்கையாளர் உட்காருவதும் அதில்தான், பக்கத்துக் கடைக்காரர் பேப்பர் படிப்பதும் அதில்தான். உள்ளே கம்பியில் மாட்டிய ரெக்சின் சுருள்கள். கறுப்பு, பழுப்பு, சந்தன நிறம், ரத்தச் சிவப்பு. மூலையில் ஆளுயரத்துக்கு ஃபோம் அட்டைகள். சொல்யூஷன் வாசனை தெருவரைக்கும் வரும்.

கடைக்காரருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. ஊருக்கே அவர் 'மாஸ்டர்'தான். லாரி சீட்டில் தொழில் கற்று, டிராக்டர், ஷேர் ஆட்டோ, வேன் என்று தைத்து, கடைசியில் காருக்கு வந்தவர். உதவிக்கு ஓர் இளைஞர்.

அறுவடை முடிந்த ஒரு காலையில், பத்து வருடம் ஓடிய சின்னக் கார் ஒன்று வந்து நிற்கிறது. ஓட்டிவந்தவர் பக்கத்துக் கிராமத்து விவசாயி. கூடவே மனைவி, ஏழு வயது மகள், அவருடைய அம்மா. போன வருடம்தான் இந்தக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார்கள். அம்மாவுக்கு இடுப்பு வலி. மாதம் ஒருமுறை செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்வர பஸ் தோதுப்படவில்லை.

"மாஸ்டர், அடுத்த மாசம் மச்சான் கல்யாணம். பளபளன்னு ஒரு சீட் கவர் போட்டுக் குடுங்க. சாயங்காலம் வண்டி வேணும்."

மாஸ்டர் காரைச் சுற்றிவரவில்லை, நிறத்தைக் கேட்கவில்லை. பின் கதவைத் திறந்து, சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்துகிறார். கை உள்ளே போகிறது, திரும்ப எழும்பவில்லை. பிறகு வண்டியில் இருந்து இறங்கிய பாட்டியைப் பார்த்துக் கேட்கிறார்.

"ஆயா, நீங்க எந்தப் பக்கம் குந்துவீங்க?"

"இந்தப் பக்கந்தாம்பா. குந்துனா ஒரு பக்கமா சாஞ்சிக்கினே போவுது."

"கவர் அப்புறம் பார்க்கலாம். மொதல்ல சீட்டைக் கழட்டணும்" என்கிறார் மாஸ்டர்.

சீட்டுக்குள் ஒரு குடும்பம்

கார் சீட்டைக் கழற்றுவதைப் பார்ப்பது, பொங்கலுக்கு முன் பரணைச் சுத்தம் செய்வதைப் பார்ப்பதுபோல. பின்பக்க சீட்டைத் தூக்கியதும் அடியில் இருந்து வெளிவந்தவை இவை: ஐந்து ரூபாய் நாணயங்கள் மூன்று, ஹேர்பின், வேர்க்கடலைத் தோல், காய்ந்த மல்லிகைச் சரம், மாத்திரை அட்டை ஒன்று, கைப்பிடி அளவு நெல்.

மாத்திரை அட்டையைப் பார்த்ததும் மருமகள் சிரிக்கிறார். "வீடெல்லாம் தேடினோமே அத்தை, இங்க இருக்குது பாருங்க."

நெல்லைப் பார்த்ததும் மாஸ்டரின் முகம் மாறுகிறது. சீட்டைத் திருப்பிப் போடுகிறார். ஃபோமின் அடியில் தேங்காய் அளவுக்கு ஒரு குழி. அதற்குள் கிழிந்த துணி, வைக்கோல், எலிப் புழுக்கை. ஆயா சாய்ந்துபோனதற்கு அதுதான் காரணம்.

வயலை ஒட்டிய ஊர்களில் கார் சீட்டுக்கு முதல் எதிரி எலி. அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலி வீட்டுப் பக்கம் வரும். வாசலில் நிற்கும் கார் அதற்கு மாளிகை. சீட் ஃபோமைக் கடித்துக் கூடு கட்டும், ஒயரைக் கடிக்கும். காருக்குள் ஒரு பிஸ்கட் துண்டு, நான்கு நெல்மணி கிடந்தால் அதற்குப் போதும். "நெல் மூட்டையைக் கார்ல ஏத்துனீங்களா?" என்று மாஸ்டர் கேட்க, விவசாயி தலையைச் சொறிகிறார். விதைநெல் மூட்டையாம், ஒரே ஒரு தடவைதானாம்.

இந்தக் கூட்டை வெறும் கையால் எடுக்கக் கூடாது. எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். உதவியாளர் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, கிருமிநாசினி தெளித்து ஊறவிட்டுத்தான் அள்ளுகிறார். உலர்ந்தபடியே பெருக்கினாலோ தட்டினாலோ தூசி கிளம்பி மூக்குக்குள் போகும். வீட்டில் செய்தாலும் இதே முறைதான். எலி குடியிருந்த ஃபோமைக் கழுவி மறுபடி பயன்படுத்தக் கூடாது. அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட வேண்டும்.

தேங்காய் நாரில் இருந்து ஃபோம் வரை

மாஸ்டர் தொழில் கற்ற காலத்தில் அம்பாசடர் கார்தான் ராஜா. 2014ல் அதன் உற்பத்தி நின்றுபோனது. பழைய அம்பாசடரின் சீட்டைப் பிரித்தால் சுருள் ஸ்பிரிங், அதன்மேல் சாக்கு, அதற்குமேல் தேங்காய் நார் என்று அடுக்கடுக்காக வரும். நாரில் ரப்பர் பால் தெளித்து அழுத்திய மெத்தைகளும் உண்டு. ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் பீட்டில் காரிலும் இப்படித் தேங்காய் நார் உள்ளே இருந்தது. நம் ஊர் மட்டையில் இருந்து உரித்த நார், உலகம் முழுக்கப் பலருக்கு ஆசனமாக இருந்திருக்கிறது.

ஃபோம் வந்தபிறகு கதை மாறியது. 1937ல் ஜெர்மானிய வேதியியலாளர் ஓட்டோ பேயர் கண்டறிந்த பாலியூரித்தேன் வேதியியலில் இருந்து பிறந்தது இது. எடை குறைவு, வேண்டிய வடிவில் வார்த்துவிடலாம். ஆனால், ஃபோமுக்கும் ஆயுள் உண்டு. உள்ளே இருக்கும் நுண்ணிய காற்றறைகள் பாரத்தாலும் வெயிலாலும் ஈரத்தாலும் உடைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் அழுத்தினால் எழும்பாது. விரலால் தேய்த்தால் மாவாக உதிரும்.

ரெக்சின் என்ற பெயருக்கும் ஒரு கதை இருக்கிறது. அது ஒரு பொருளின் பெயரல்ல. இங்கிலாந்தில் தயாரான செயற்கைத் தோல் துணி ஒன்றின் வணிகப் பெயர். அந்தப் பொருள் போயும் பெயர் நம் ஊரிலேயே தங்கிவிட்டது. இன்று ரெக்சின் என்று விற்பதில் பெரும்பகுதி, துணியின்மேல் பி.வி.சி. பூசியது. அதை வளையவைப்பதற்காகச் சேர்த்திருக்கும் எண்ணெய்ப் பொருள் வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். அப்போதுதான் ரெக்சின் அப்பளம்போல விறைத்து வெடிக்கிறது.

மாஸ்டர் ஃபோமின் கெட்ட பகுதியைக் கத்தியால் சதுரமாக வெட்டி எடுக்கிறார். அதே அளவில் அடர்த்தியான புது ஃபோமை வெட்டி, இரண்டு பக்கமும் சொல்யூஷன் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து ஒட்டுகிறார். பொறுமை இல்லாமல் ஈரத்திலேயே ஒட்டினால் ஒரு மாதத்தில் பிரிந்துவிடும். அளவும் முக்கியம். மெத்துமெத்தென்று இருக்கட்டும் என்று மேலே இன்னொரு ஃபோமை அடுக்கினால், உட்காருகிறவரின் உயரமும் முட்டியின் கோணமும் மாறும். ஓட்டுநர் சீட்டில் அப்படிச் செய்தால் கால் மிதியை எட்டும் விதமே மாறிவிடும்.

"மெத்துன்னு இருக்கறது கடையில குந்திப் பாக்கறப்ப நல்லாத்தான் இருக்கும். முப்பது கிலோமீட்டர் போனா இடுப்பு பேசும்" என்கிறார் மாஸ்டர்.

ஆயா ஆமோதிக்கிறார். "நம்ம திண்ணை மாதிரி கெட்டியா இருந்தாத்தான் எழுந்துக்க முடியுது."

மஞ்சள் கறைக்கு வெயில்!

புது ஃபோம் காய்கிற நேரத்தில் முன் சீட்டுகளைச் சுத்தம் செய்யும் வேலை நடக்கிறது. உத்திரமேரூர் வட்டாரத்தில் காருக்குள் விழும் கறைகளுக்கு ஒரு தனிப் பட்டியலே உண்டு. தலை சாயும் இடத்தில் தேங்காய் எண்ணெய். முகூர்த்த மாதங்களில் மஞ்சள், குங்குமம். குழந்தை கக்கிய பால். வேடந்தாங்கல் போய்த் திரும்பும் கார்களில் சிப்ஸ், கூல் டிரிங்க்ஸ், சேறு.

எல்லாவற்றுக்கும் மாஸ்டர் கடையில் முதல் விதி, முதலில் ஈரம் படக்கூடாது. வாக்யூமால் தூசியை இழுத்து, மென்மையான பிரஷால் மடிப்புகளைத் தட்டி, மறுபடி இழுக்க வேண்டும். தூசி இருக்கும்போதே தண்ணீர் பட்டால் அது சேறாகி ஃபோமுக்குள் இறங்கிவிடும். பிறகு, மிதமான ஷாம்பூவை நுரையாக்கி, அந்த நுரையை மட்டும் தொட்டுத் துடைக்க வேண்டும். வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவுகிற பழக்கம் சீட்டைக் கொன்றுவிடும். மேலே காய்ந்ததுபோலத் தெரியும். உள்ளே நாள்கணக்கில் ஈரம் நிற்கும். அப்புறம் பூஞ்சை, நாற்றம், சீட்டின் இரும்புச் சட்டத்தில் துரு.

அனுபவத்தில் தேறிய இன்னும் சில முறைகள், வீட்டிலும் செய்துபார்க்கலாம்:

மஞ்சள் கறையைப் பார்த்ததும் சோப்பை எடுத்துவிடாதீர்கள். சோப்பின் காரத்தன்மை பட்டால் மஞ்சள் சிவப்பாக மாறி இன்னும் பளிச்செனத் தெரியும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, கதவைத் திறந்து வெயில் படுகிற மாதிரி நிறுத்தினால் போதும். மஞ்சளின் நிறத்தைத் தரும் குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். இரண்டு மூன்று நாள் வெயிலில் கறை வெளிறிப்போகும்.

பால் சிந்தினால் வெந்நீர் கூடாது. பாலில் இருக்கும் புரதம் சூட்டில் இறுகித் துணியில் பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்து, உலர்ந்தபின் சமையல் சோடாவைத் தூவி இரவு முழுக்க விட்டு, காலையில் வாக்யூம் செய்யலாம். சென்ட் அடித்தால் நாற்றம் போகாது. நாற்றமும் சென்ட்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு வாசனை வரும்.

துணி சீட்டில் தலை எண்ணெய் படிந்திருந்தால் அதன்மேல் பவுடரைத் தூவி, எண்ணெயை உறிஞ்சவிட்டு, பிரஷால் தட்டிவிட வேண்டும். ரெக்சின் என்றால் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியே போதும்.

ரெக்சின் பளபளக்கட்டும் என்று மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் தடவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அன்றைக்கு மின்னும், ஆனால் ரெக்சின் விரைவில் விறைத்துப்போகும். அதைவிடப் பெரிய ஆபத்து, மூடிய காருக்குள் நிற்கும் அந்த ஆவி. ஒரு சின்னப் பொறி போதும்.

கூரைத் துணி தொங்குவது இந்த வெயில் பூமியில் இன்னொரு தொல்லை. அந்தத் துணிக்குப் பின்னால் மெல்லிய ஃபோம் ஒட்டியிருக்கும். சூட்டில் அது பொடியாக உதிர்ந்ததும் துணி பந்தல்போலத் தொங்கும். குண்டூசி குத்திச் சமாளிப்பார்கள். சரியான வைத்தியம், அந்த அட்டையையே கழற்றி, பழைய பொடியைச் சுரண்டி எடுத்து, புதுத் துணி ஒட்டுவதுதான்.

பெல்ட்டை இழுத்துப் பாருங்கள்

"இந்த வண்டிய எங்க வாங்குனீங்க?" என்று மாஸ்டர் நடுவில் கேட்கிறார்.

"மெட்ராஸ்ல மாஸ்டர். ஏன், எதுனா கோளாறா?"

மாஸ்டர் பதில் சொல்லவில்லை. முன் சீட் பெல்ட்டைப் பிடித்து, கடைசிவரை முழுசாக வெளியே இழுக்கிறார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார். சுத்தமாக இருக்கிறது. பிறகு சீட் நகரும் இரும்புத் தண்டவாளத்தின் போல்ட்டுகளைப் பார்க்கிறார். துரு இல்லை.

"ஒண்ணும் இல்ல. தண்ணியில முழுகுன வண்டி இல்ல."

2015 டிசம்பர் 1ஆம் தேதி பெருமழையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படி மூழ்கிய கார்கள் கழுவித் துடைக்கப்பட்டு, புது சீட் கவரோடு கைமாறுவதும் உண்டு. வெளியே எல்லாம் பளபளவென்று இருக்கும். ஆனால், சீட் பெல்ட்டின் சுருட்டி வைத்திருக்கும் உள்பகுதியைக் கழுவ யாருக்கும் தோன்றாது. அங்கே சேற்றுக் கோடு இருந்தால் கார் மூழ்கியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். சீட் அடியில் போல்ட் துரு, கார்ப்பெட்டைத் தூக்கினால் வண்டல், கதவைச் சாத்தியதும் ஈரச் சாக்கு வாசனை. இந்த நான்கையும் பார்த்துவிட்டுப் பழைய கார் வாங்குவது நல்லது.

காணாமல்போன லாக்

பெல்ட்டைப் பார்த்த மாஸ்டரின் கை அப்படியே பின் சீட்டுக்குப் போகிறது. தோளோரம் பெல்ட் தொங்குகிறது. அதை மாட்டுகிற லாக்கைக் காணோம். சீட்டைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. முன்பு எப்போதோ ஒருவர் போட்ட சீட் கவர், இரண்டு லாக்குகளையும் அடியில் தள்ளி மூடியிருந்தது. அதில் ஒன்றின் வாய்க்குள் நெல் உமி அடைத்திருந்தது.

"சீட் ரெடியானதும் லாக் ரெண்டும் மேல வரணும். கவர்ல அதுக்கு ஓட்டை வெச்சித் தைக்கணும். அதுக்கு இன்னிக்கி முடியாது. நாளைக்கி மத்தியானம் ஆகும்."

விவசாயிக்கு அவசரம். "பின்னாடி யாரு மாஸ்டர் பெல்ட்டு போடப்போறாங்க? லாக்கு குந்துற இடத்துல குத்திக்கினு இருக்கும். உள்ளவே இருக்கட்டும், மேல மூடிடுங்க."

"மூடித் தர மாட்டேன். வேற கடையில வேணா கேட்டுப் பாருங்க."

சற்று நேரம் யாரும் பேசவில்லை. கல்யாணம் நெருங்குகிற வீட்டில் ஒரு நாள் என்பது பெரிய விஷயம்தான். ஊரில் வேறு கடைகளும் இருக்கின்றன. மாஸ்டருக்கு அது தெரியும். விவசாயிக்கும் தெரியும்.

இந்த இழுபறி உத்திரமேரூருக்கு மட்டும் உரியதல்ல. பின் சீட்டுக்கு பெல்ட் தேவையில்லை என்ற எண்ணம் நாடு முழுக்க இருக்கிறது. 2022 செப்டம்பர் 4ஆம் தேதி மகாராஷ்டிராவின் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தார். விலை உயர்ந்த, பாதுகாப்புக்குப் பேர்போன கார். பின் சீட்டில் இருந்த அவர் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று போலீஸார் சொன்னார்கள். அதன்பிறகுதான் பின் சீட் பெல்ட் பற்றி நாடு கொஞ்சம் பேசியது. பின்னால் இருப்பவர்களும் பெல்ட் அணியவேண்டும் என்று மோட்டார் வாகன விதிகள் ஏற்கெனவே சொல்லியிருந்தன. மீறினால் 1,000 ரூபாய் அபராதம் என்பது 2019ல் வந்த சட்டத் திருத்தம்.

அபராதத்தைவிடக் கணக்கு எளிமையானது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதிச் சட்டென நின்றால், கார் மட்டும்தான் நிற்கும். உள்ளே இருப்பவர் அதே 60 கிலோமீட்டர் வேகத்தில் முன்னே போவார். பின் சீட்டில் இருப்பவர் தானும் அடிபடுவார், முன் சீட்டில் இருப்பவர்மேலும் மோதுவார். இதைத் தடுப்பதற்காகத்தான் 1959ல் வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நீல்ஸ் போலின், தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட்டைக் கொண்டுவந்தார். உயிர் காக்கும் பொருள் என்பதால் மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று அந்தக் காப்புரிமையை வால்வோ திறந்துவிட்டது. அப்படி உலகத்துக்கே கிடைத்த பொருளை நாம் ஐந்து மீட்டர் ரெக்சினுக்கு அடியில் புதைத்துவிடுகிறோம்.

புதிய கார்களில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. சில கார்களில் முன் சீட்டின் பக்கவாட்டுக்குள்ளேயே ஏர்பேக் இருக்கும். சீட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு பட்டையில் அந்த எழுத்து தெரியும். அதன்மேல் கெட்டியான கவரைத் தைத்து மூடினால், விரிய வேண்டிய நேரத்தில் ஏர்பேக் விரியாது. அதற்கென்றே அந்தத் தையல் மட்டும் எளிதில் பிரியும்படி செய்த கவர்கள் இருக்கின்றன. அந்த சீட்டுகளின் அடியில் மஞ்சள் நிற ஒயர் இணைப்பு இருக்கும். பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருக்காமல் அதில் கைவைக்கக் கூடாது. வீட்டில் சீட்டைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம் என்று நினைப்பவர்கள், மஞ்சள் இணைப்பைப் பார்த்தால் அதோடு நிறுத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம்

மாஸ்டர் கடைக்கும் குடும்பத்துக்கும் நடுவே பேச்சு நின்றுபோன அந்த நேரத்தில், ஏழு வயதுப் பெண்ணுக்குப் போரடிக்கிறது. ஆயா அவளைக் கூட்டிக்கொண்டு வைகுண்டப் பெருமாள் கோயில் பக்கம் நடக்கிறார். பேருந்து நிலையத்தின் அருகிலேயே கோயில்.

அங்கே சுவரில் இருப்பவை முதலாம் பராந்தகச் சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள். அதாவது கி.பி. 919, 921. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைவிட்டு எடுக்கச்சொன்ன முறை அதில் இருக்கிறது. இன்றைய கண்ணால் பார்த்தால் அது எல்லோருக்குமான தேர்தல் அல்ல. நிலமும் வீடும் வேதக் கல்வியும் உள்ள பிராமண ஆண்களுக்குள் நடந்தது. பெண்களுக்கும் மற்றவர்களுக்கும் அதில் இடமில்லை.

தேர்தலைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். ஏரிக்கென்றே தனியாக ஆறு பேர்! பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடத்தில் பெயர் இட முடியாது.

ஏரியை வெட்டியவர் பெயர் நிற்கும். உத்திரமேரூரின் பெரிய ஏரிக்கு வைரமேக தடாகம் என்று பல்லவர் காலத்துப் பெயர் இன்றும் இருக்கிறது. கரையை அடைத்தவர், மதகைச் சரிபார்த்தவர், தூர் வாரியவர் பெயர்கள் யாருக்கும் தெரியாது. அந்த வேலை ஒழுங்காக நடந்த வருடங்களில் வயல் விளைந்தது. நடக்காத வருடங்களில் காய்ந்தது.

இந்தப் பக்கத்துக் கார்களின் கதையும் கொஞ்சம் அப்படித்தான். ஒன்று, ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருங்காட்டுக்கோட்டையில் 1998ல் இருந்து ஹூண்டாய் கார்கள் உருவாகின்றன. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010ல் திறக்கப்பட்டது. அங்கே புதுக் கார் வெளிவரும் நாளுக்கு மாலையும் கேமராவும் உண்டு. அதே கார் பத்து வருடம் கழித்து, மூன்றாவது கை மாறி, கிராமத்துக்கு வரும்போது அதைப் பார்த்துக்கொள்ள மிஞ்சுவது ஒரு மெக்கானிக், ஒரு டிங்கர், ஒரு குஷன்காரர்.

இந்த வேலைக்குப் புது ஆள் கிடைப்பது சுலபமாக இல்லை. ரெடிமேட் சீட் கவர்கள் ஆன்லைனில் வீடு தேடி வருகின்றன. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனால், கார் அலங்காரப் பொருள்கள் கண்ணைப் பறிக்கும்படி குவிந்திருக்கின்றன. பழைய கவரைத் தையல் தையலாகப் பிரித்து, ரெக்சின்மேல் வைத்து சாக்பீஸால் அளவெடுத்து, மடிப்புக்கு அரை அங்குலம் விட்டு வெட்டி, பைப்பிங் வைத்துத் தைத்து, கம்பி வளையங்களைப் பிளையரால் இறுக்கி மாட்டும் வேலைக்கு ஒரு முழு நாள் போகும். மாஸ்டரின் உதவியாளர்கூட ஏதாவது கம்பெனியில் வேலை கிடைத்தால் போய்விடுவார். மாஸ்டர் அதை மறைக்கவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. "பஸ் வெச்சிக் கூட்டிக்கினு போறான். சாப்பாடு போடறான். நான் எங்க போறது அதுக்கு?"

டக்!

ஆயாவும் பேத்தியும் திரும்பி வருகிறார்கள். பேத்தி கையில் குச்சி ஐஸ். மகன் இன்னும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனில் யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறார். ஆயா நேராகக் கொட்டகைக்குள் போகிறார். தரையில் கிடக்கும் லாக்கை எடுத்துப் பார்க்கிறார். உதவியாளர் அதற்குள் உமியைத் தட்டி எடுத்து, பிரஷால் சுத்தம் செய்து வைத்திருந்தார்.

"இது என்னாத்துக்குப்பா?"

மாஸ்டர் விளக்கவில்லை. பெல்ட்டின் உலோக நாக்கை அதில் சொருகிக் காட்டுகிறார். 'டக்' என்கிறது.

"சாஞ்சிக்காம புடிச்சிக்குமா?"

"புடிச்சிக்கும் ஆயா."

ஆயா வெளியே வந்து மகனைக் கூப்பிடுகிறார். "டேய், நாளைக்கே வந்து எடுத்துக்கலாண்டா. கல்யாணம் இன்னா நாளைக்கா?"

குடும்பம் அன்று பஸ்ஸில் ஊருக்குப் போனது.

மறுநாள் மத்தியானம் கார் தயார். நிறம் கறுப்பும் சந்தனமும். மருமகள் கேட்டபடி சிவப்பு பைப்பிங். பின் சீட்டில் இரண்டு இடத்தில் கவர் நேர்த்தியாக வாய் திறந்து, லாக் இரண்டும் வெளியே நிற்கின்றன. பளபளப்பைப் பார்த்ததும் விவசாயியின் கோபம் போய்விட்டது. காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் கூச்சத்தோடு, "குத்துமோன்னு நெனச்சேன் மாஸ்டர், குத்தல" என்கிறார்.

"நெல்லு மூட்டை மட்டும் ஏத்தாதீங்க."

பின் சீட்டில் ஆயா உட்காருகிறார். சீட் அமுங்கி, அளவாக நிற்கிறது. சாயவில்லை. பெல்ட்டை இழுத்து மாட்டத் தெரியாமல் திணற, பக்கத்தில் இருந்த பேத்தி எட்டி மாட்டிவிடுகிறாள். பிறகு தன்னுடையதையும்.

டக். டக்.

கார் கிளம்பி ஏரிக்கரைச் சாலையில் திரும்புகிறது. மாஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றிருக்கிறது. அதன் சீட்டில் அவர் உள்ளங்கையை வைத்து அழுத்துகிறார்.